சொல்லிவிட்டுப் போன அம்மா

மூலக்குளத்து அங்கன்வாடியில் அஞ்சலாட்சி உதவியாளர். காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே முருகனைக் கும்பிட்டுக்கொள்வாள். அப்புறம் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் அவள் இடுப்புதான் சிம்மாசனம்.

அழுகிற பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிப்பதில் அவள் கெட்டிக்காரி. "அதோ காக்கா பாரு!" என்பாள். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் அம்மா நழுவிவிடுவாள். இருபது வருடமாக இதே வித்தைதான்.

இரண்டு வயது இனியாவிடம் அது மூன்று நாள்தான் செல்லுபடியானது. நான்காம் நாள் காக்கா என்றாலும் சரி, குருவி என்றாலும் சரி, அவள் திரும்பவில்லை. அம்மா கார்குழலியின் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். வெளியே மாத்திரைக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கார்குழலி அங்கே வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்னொரு தடவை வேனை விட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"புடுங்கிக்கக்கா, ஓடிடறேன்!"

"இரும்மா. என்னைப் புள்ள புடிக்கிறவ மாதிரி பாக்குது பாரு."

முந்தின நாள் முழுக்க இனியா கதவுக்குப் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தது அஞ்சலாட்சிக்கு நினைவு வந்தது. கண்ணுக்கு மறைந்தால் மனசுக்கும் மறைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். பிள்ளையோ, கண்ணை எடுத்தால் அம்மா போய்விடுவாள் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது!

"சொல்லிட்டுப் போம்மா."

"சொன்னா அழுவாளேக்கா."

"அழட்டும். ஏமாத்தாம போ."

கார்குழலி குனிந்தாள். "பாப்பா, அம்மா நாலரை மணிக்கு வந்துடறேன்."

"அதுக்கு மணி பாக்கத் தெரியுமா? உன் பொண்ணு என்ன ஸ்டேஷன் மாஸ்டரா? சோறு தின்னு, தூங்கி எழுந்து, சுண்டல் தின்னதும் வருவேன்னு சொல்லு."

கார்குழலி அப்படியே சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வேன் ஏறினாள். இனியா தெரு கேட்க அழுதாள். அஞ்சலாட்சி எதையும் காட்டி ஏமாற்றவில்லை. தோளில் போட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். "சோறு ஆச்சா? இனிமே தூக்கம்" என்றாள். எழுந்ததும், "தூக்கம் ஆச்சா? இனிமே சுண்டல்."

கிண்ணத்தில் சுண்டல் குறையக் குறைய அஞ்சலாட்சிதான் வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். நாலரை தாண்டியும் வேனைக் காணோம். பிள்ளையிடம் கொடுத்த வாக்காயிற்றே. ஒவ்வொரு கடலையாகத் தோலுரித்து, ஊதி ஊதி ஊட்டினாள். 'முருகா, இன்னிக்கு ஒரு நாள் அந்த டிரைவருக்கு வழி விடுப்பா.'

கிண்ணத்தில் நாலு கடலை இருக்கும்போது கார்குழலி மூச்சிரைக்க ஓடி வந்தாள். இனியா அழவில்லை. வாய் நிறையச் சுண்டலோடு அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

"நாளைக்கும் இப்படியே சொல்லிட்டுப் போவட்டாக்கா?"

"சொல்லிட்டுப் போ தாயி. நான் இன்னும் ரெண்டு பிடி கடலை சேத்து ஊற வெக்கிறேன்."