செல்விக்குப் பள்ளிக்கூடம் தேடிய கதை

இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை என்று, கையிலிருக்கும் டீ கிளாஸின் மீது ஆணையிட்டுக் கூறுகிறேன்.

(நம்புகிறவர்கள் உடனடியாக ப்ளாக் செய்யப்படுவார்கள்.)

நேற்று தெரிந்த தம்பி ஒருவன் இன்பாக்ஸில் கேட்டிருந்தான்.

"மாமா, பாப்பாவுக்குக் காது கேக்கலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்ம மதுரைப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எங்க, என்ன இருக்குன்னு தெரியுமா? இன்னும் யார்ட்டயும் சொல்லல மாமா."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

எண்பதுகளின் தொடக்கம். வில்லாபுரத்தில் எங்கள் வீடு. மச்சான் பட்டாளத்தில் இருந்ததால் அக்காவும் அவள் மகள் செல்வியும் எங்களோடு இருந்தார்கள்.

செல்விக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. தெருவே திரண்டு வந்து வசம்பு உரசி நாக்கில் தடவச் சொன்னது. தடவிய வசம்பில் ஒரு தோட்டமே போட்டிருக்கலாம்.

பிறகுதான் டாக்டர் சொன்னார், பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று.

"அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கண்டுபிடிடா," என்றாள் அக்கா.

தாய்மாமன் சும்மா இருப்பேனா? சைக்கிளை எடுத்தேன். நான் மிதித்த மிதியில் தல்லாகுளம் ரோடு இரண்டடி தாழ்ந்து போனது. அங்கிருந்த கலெக்டர் ஆபீசின் ஃபைல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் யானைமலை அண்ணாந்து பார்க்கும்.

கீழே இருந்த கிளார்க் கேட்டார்.

"என்ன விசயம்?"

"காது கேக்காத பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் விசாரிக்க வந்தேண்ணே."

"இது பட்டா செக்சன். மாடில போய்க் கேளுங்க."

மாடிக்குப் போனேன்.

"கீழ கேக்கலையா?" என்றார் அங்கே இருந்தவர்.

"கீழதாண்ணே மேல அனுப்புனாக."

"சரி, யாரு பிள்ளை?"

இங்கேதான் என் வீரம் இறங்கியது.

"தெரிஞ்சவங்க பிள்ளைண்ணே."

"அப்ப அவுகள வரச் சொல்லுங்க. நீங்க எதுக்கு அலையுறீக?"

திரும்பி வந்துவிட்டேன். போன இடத்திலெல்லாம் 'தெரிஞ்சவங்க பிள்ளை' என்றுதான் சொன்னேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வீட்டில் வாய் பேசாத பிள்ளை இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் வரன் தட்டிப் போகும் என்று பயம்.

அப்படியே ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, செல்வியை மாடி அறையில் வைப்பது என்று முடிவானது. ஒரு டப்பா சோழியும் நாலு முறுக்கும் கொடுத்து உட்கார வைத்தோம்.

"தங்கச்சி டீச்சரா இருக்கு," என்றார் பெண்ணின் அப்பா, பக்கத்திலிருந்த அத்தையைக் காட்டி.

எந்தப் பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஆபீசில் என்னைக் கேட்காமல் ஃபேன்கூடச் சுற்றாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது மாடியில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. கூடவே செல்வியின் குரல்.

"மேல யாரு தம்பி?" என்றார் அந்த அத்தை.

"பூனைங்க. மதுரையிலேயே பெரிய பூனை. கதவு தட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை. (பாண்டிய நாட்டின் கறுப்பு தினம்.)

இரண்டு வருடம் போனது. மாவீரன் தேடிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் அக்கா செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை ஏன் பேச மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறார். "காது கேக்காதுக்கா," என்றிருக்கிறாள். சீனி நிறுத்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வழி கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்.

மறுநாளே மூவரும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த டீச்சர் என்னையே பார்த்தார்.

"நீங்க வில்லாபுரத்துத் தம்பிதான? உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்."

"ஆமா டீச்சர்."

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி மேசையில் இருந்த மணியை எடுத்து, ஆட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் திருப்பி வைத்தாள்.

"அன்னைக்கு மாடில இருந்தது இந்தப் பிள்ளையா?"

ஊரையே வாயால் அளக்கிற நான் அந்த மணியை எடுத்து நேராக வைத்தேன்.

"எத்தனை வயசும்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஆறு."

"அன்னைக்கே வந்திருந்தா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். "சரி, இப்பவாச்சும் வந்தீகளே. உக்காருங்க, பாக்கலாம்."

செல்வி படித்தாள். எழுதினாள். கைச்சைகையில் என்னைவிட அதிகமாகக் கதை விடுவாள். பேச்சு மட்டும் நாலைந்து வார்த்தைகளோடு நின்றுவிட்டது. அந்த இரண்டு வருடம் வீணாகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வந்திருக்கும் என்று டீச்சரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தம்பி, உனக்கு நான் சொல்வது இதுதான். காளவாசல் சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கேள். பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு, "என் பிள்ளைக்கு" என்று சொல்லிக் கேள்.

இடம் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை போகிற இடம் என்றால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இனி வாக்குமூலம். தல்லாகுளம் ரோடு தாழவில்லை. ஃபேன் என்னைக் கேட்காமலேயே சுற்றியது. இரண்டு வருடம் தேடினேன் என்றதும் புளுகு. மொத்தம் நாலு தடவை போயிருப்பேன். வீட்டில் எல்லோரும் கூடி முடிவெடுத்தோம் என்றேனே, அதுவும் பொய்.

ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அந்த டீச்சர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்ட நேரத்தில், செல்வி அவருக்குப் பதினாலு படி மேலே இருந்தாள். வெளியே தாழ்ப்பாள் போட்டது நான். வேண்டாம்டா என்றுதான் அக்கா சொன்னாள்.