செத்த மானுக்கு முளைத்த கொம்பு

எங்கல்பெர்ட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். அவர் காதில் விழும் தூரத்தில் இருந்தால் ரொம்ப நல்ல மனுஷன் என்பார்கள். மரம் அறுக்கும் ஆலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது வேட்டைச் சங்கத் தலைவர் பதவி ஒன்றுதான். அதற்குச் சம்பளம் கிடையாது, கார் கிடையாது. என் விடுதியில் கணப்படுப்புப் பக்கத்து மேசையில் நடுநாயகமாக உட்காரலாம், அடுத்தவன் பேசும்போது குறுக்கே பேசலாம், அவ்வளவுதான். அதற்காக மனுஷன் உயிரையே விடுவார்.

வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது ஒரு பிரசங்கம் செய்வார். எங்கள் காட்டின் சிறுமான் எல்லாவற்றிலும் எதிர்க்கட்சி. செம்மான் கோடையில் புல்லைத் தின்று கொம்பு வளர்க்கும். இது பனியில் பட்டினி கிடந்துகொண்டு வளர்க்கும். இலையுதிர் காலத்தில் பழைய கொம்பு விழுந்துவிடும். கிழக் கடாவுக்கு முதலில் விழும், இளசுக்குப் பிறகு விழும். விழுந்த பிறகு கடாவும் பெட்டையும் பார்க்க ஒன்றுதான். பெட்டையைச் சுடும் காலமும் அதுவே. "பின்னாடி பாரு, வயித்துக்குக் கீழ பாரு, மறுபடி பாரு. அப்புறம்தான் துப்பாக்கியைப் பாக்கணும். கண்ணு தெரியாதவன் வீட்டுல உக்காந்து சீட்டு விளையாடு!" என்று மேசையைத் தட்டுவார். நான் பீர் குவளைகளைப் பிடித்துக்கொள்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தத் தவற்றைச் செய்தவன் செவெரின். எங்கல்பெர்ட்டின் ஒரே மகள் நோட்புர்காவின் புருஷன். பெட்டை என்று நினைத்து, கொம்பு விழுந்த இளங்கடா ஒன்றைச் சுட்டுவிட்டான். அன்று மாலையே மாமனார் வீட்டுக்குப் போய், "மாமா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியும்விட்டான். வேறு ஆளாக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு ஒரு வாய் சாராயம் ஊற்றிக் கொடுத்திருப்பார். எங்கல்பெர்ட் தலைவர் ஆயிற்றே! அந்த வருஷக் கொம்புக் கண்காட்சியில், எல்லாருடைய கொம்புகளுக்கும் நடுவில், செவெரின் சுட்ட மானின் மொட்டை மண்டையோட்டையும் மாட்டினார். தப்பான மானைச் சுட்டவனுக்கு வைக்கிற சிவப்புப் பொட்டையும் தன் கையாலேயே ஒட்டினார். போதாததற்கு, இனி இந்தத் தவற்றைச் செய்கிறவன் யாரானாலும் சங்கத்தை விட்டு வெளியே என்று ஒரு விதியையும் கொண்டுவந்து, அதை மருமகனிடமிருந்தே தொடங்கினார். ஊரே கைதட்டியது.

நோட்புர்கா கைதட்டவில்லை. அவள் என் விடுதியில் வேலை செய்கிறவள். அடுப்படியிலும் நிற்பாள், மேசைக்கும் பரிமாறுவாள். அன்றிலிருந்து அப்பாவிடம் பேச்சு இல்லை. தினமும் அவர் முன்னால் பீரை வைப்பாள், நுரை சிந்தாமல் வைப்பாள், ஒரு வார்த்தை வராது. அவர் குவளையைப் பார்த்து "நன்றி" என்பார். பார்க்கவே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இனி பாரனைச் சொல்ல வேண்டும். நாட்டில் பிரபுப் பட்டங்களை எப்போதோ ஒழித்துவிட்டார்கள், காட்டில் ஒழிக்கவில்லை. தெற்குச் சரிவில் திரிந்த ஒரு கடாவுக்கு, அதன் நடையில் இருந்த திமிரைப் பார்த்து, பாரன் என்ற பழைய பிரபுப் பட்டத்தையே பேராக வைத்திருந்தார்கள். முன்னாள் தலைவர் கிலியான் கிழவருக்கு அடுத்த ஆகஸ்டில் எண்பது வயது. அவர் பிறந்தநாளுக்குப் பாரனைச் சுடும் உரிமையைச் சங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. அதுவரை அதன்மேல் ஒரு தூசு விழக்கூடாது என்று காவல் காத்தவர் எங்கல்பெர்ட்.

அவரேதான் அதைச் சுட்டார். நவம்பர் கடைசி, மூடுபனி, மங்கிய வெளிச்சம். அந்த வருஷக் கணக்குக்குச் சுட வேண்டிய பெட்டைகள் இன்னும் பாக்கி. தலைவரே பாக்கி வைத்தால் நன்றாக இருக்குமா? வேட்டைப் பரணிலிருந்து ஒரு மொட்டைத் தலையைப் பார்த்தார், சுட்டார். செத்த மானின் வாயில் ஊசியிலைக் கொத்து ஒன்றை வைத்து மரியாதை செய்வது எங்கள் வழக்கம். கொத்தை உடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் நெற்றியில் புதுக் கொம்புக்கான இரண்டு மொட்டுகளையும், பாரனின் அடையாளமான பழைய காதுக் கிழிசலையும் பார்த்திருக்கிறார். பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

அப்படியே உட்கார்ந்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். எழுந்து தலையை வெட்டிக் குழியில் புதைத்துவிட்டு, மீதியை என் சமையலறைக்குக் கொண்டுவந்தார்.

"பெட்டை" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "தலையில குண்டு பட்டுச்சு. நரிக்குப் போட்டுட்டேன்."

தலை இல்லாவிட்டால் என்ன, மீதி உடம்பு ஊமையா? வயிற்றுப் பக்கம் ஆண் என்று தெரியாதபடி வேண்டியதற்கு மேலேயே அறுத்திருந்தார். ஆனாலும் கழுத்தும் தோளும் என்ன, எலும்பு என்ன! எத்தனை மானை உரித்திருப்போம், இதுகூடத் தெரியாமலா அடுப்படியில் நிற்கிறோம்? அவர் போனதும் நோட்புர்காதான் உரித்தாள். பாதியில் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது கடா. இந்தப் பருமனுக்குப் பாரன்தான்."

"இருடி, இப்பவே போய் ஊரைக் கூட்டுறேன்" என்று நான் கையைத் துடைத்தேன்.

"வாயைத் திறக்காதீங்க. அவரே சொல்லட்டும். செவெரின் சொன்னாரு இல்ல? அதே மாதிரி இவரும் சொல்லட்டும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி எனக்கு அப்பா இல்லைன்னு வெச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சங்க விருந்தில் பாரனைச் சிவப்பு ஒயினில் வேகவைத்து, ரொட்டி உருண்டையோடும் காட்டுப்பழ ஜாமோடும் பரிமாறினேன். எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். எங்கல்பெர்ட் மட்டும் பல்வலி என்று சூப் குடித்தார்.

ஜனவரியில் துணைத் தலைவர், தபால்காரர் வெண்டலின், சும்மா இருக்கமாட்டாமல் கேட்டார்: "தலைவரே, பாரன் எப்படி இருக்கான்?"

எங்கல்பெர்ட் குவளையை ஒரே மூச்சில் காலி செய்தார். பிறகு, "முளைக்குது. காது உயரத்துல பாதி வந்திருச்சு. நல்ல தோல் போத்தியிருக்கு" என்றார்.

அவ்வளவுதான், கொம்பு வளர ஆரம்பித்துவிட்டது. பிப்ரவரியில் காதைத் தாண்டியது. தீவனத் தொட்டிப் பக்கம் பார்த்தேன், முத்து முத்தாய்க் கட்டியிருக்கிறது என்று வெண்டலின் சொன்னார். பார்க்காதவன் வேட்டைக்காரனா? அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்காரர் பார்த்தார். பாதிரியாரும் பார்த்தார், அவர் கிட்டப்பார்வைக்காரர், வண்டி ஓட்டும்போது கண்ணாடிகூடப் போடுவதில்லை. ஏப்ரலில் பாரன் மரத்தில் உரசித் தோலைக் கழற்றியதை ஒரே நாளில் மூன்று பேர் மூன்று இடத்தில் பார்த்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தக் கடாவுக்குப் பக்கத்துக்கு மூன்று கிளை. செத்த பிறகு நான்கு ஆயிற்று. நோட்புர்கா மேசைக்கு மேசை பீர் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் கடைசிக் குவளையை அப்பா முன்னால் வைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக நிற்பாள். அவர் தலையைத் தூக்கமாட்டார்.

ஆகஸ்டு வந்தது. கிலியான் கிழவரை இரண்டு பக்கமும் பிடித்துப் பரணில் ஏற்றினார்கள். மாலைக்கு மாலை எங்கல்பெர்ட்தான் கூட்டிக்கொண்டு போனார். இல்லாத மானுக்காக ஒரு கிழவரைக் கொசுக்கடியில் உட்கார வைத்துவிட்டு, கீழே மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். பாவம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் சொல்லமாட்டேன். பிறந்தநாள் அன்று கிழவர் பரணிலிருந்து இறங்கி நேராக என் விடுதிக்கு வந்தார்.

"வந்தான்டா! கல்லெறியுற தூரத்துல நின்னான். குறி வெச்சேன். அப்புறம் மனசு வரலை, விட்டுட்டேன். அவன் இன்னும் ஒரு வருஷம் ராஜாவா இருக்கட்டும்!"

கைதட்டல் காதைக் கிழித்தது. கிழவரின் பெருந்தன்மையைப் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேறு சொன்னார். நவம்பரில் வெண்டலின், பாரன் உதிர்த்தது என்று ஒரு கொம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்கல்பெர்ட் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்தால், நாம் சுட்டது பாரன்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனி இந்த மனுஷன் சொல்லவே போவதில்லை என்று அடுப்படியில் போய்ச் சொன்னேன். நோட்புர்கா பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மார்ச் மாதம், கண்காட்சியோடு சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். கூடம் நிறைந்து வழிந்தது. பாரனைக் கண்ணைப் போலக் காத்த தலைவருக்குப் பாராட்டு என்று வெண்டலின் எழுந்தார்.

"நம்ம தலைவருக்கு இருக்குற கண்ணு யாருக்கு இருக்கு? சில பேருக்குக் கடாவும் பெட்டையும் ஒண்ணாத் தெரியும். பேரு சொல்ல வேணாம், தலைவர் வீட்டு மாப்பிள்ளை வருத்தப்படுவாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நோட்புர்கா பீர்த்தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். அவள் முகம் மாறவில்லை, தட்டில்தான் முதல் தடவையாக நுரை சிந்தியது. எங்கல்பெர்ட் அதைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"பாரன் செத்துட்டான். போன வருஷத்துக்கு முந்தின நவம்பர்ல நான்தான் சுட்டேன். பெட்டைன்னு நெனச்சுச் சுட்டேன். மறைச்சுட்டேன்."

 கிலியான் கிழவர் தடியைத் தரையில் குத்தினார். "டேய் எங்கல்பெர்ட்டு, அப்போ நான் யாரைடா விட்டேன்? பைத்தியமா உனக்கு?"

"நான் ஏப்ரல்ல பாத்தேன்!" என்றார் ரொட்டிக் கடைக்காரர். பாதிரியார் மேலே கூரையைப் பார்த்தார். ஆளாளுக்குக் கத்தினார்கள். சங்கத்தையே பொய்யர் கூட்டம் என்கிறாரா, தலைவருக்கு வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்றெல்லாம் சொன்னார்கள். எங்கல்பெர்ட் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொல்லும்மா."

நோட்புர்கா தட்டை மேசையில் வைத்தாள். "கடாதான். நான்தான் உரிச்சேன். நீங்க எல்லாரும் தின்னீங்க. கிலியான் பெரியப்பா, நீங்க மூணு தடவை வாங்கினீங்க."

இதற்குமேல் என்ன சொல்ல முடியும் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் ஆட்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். வெண்டலின் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் இரண்டு பாரன்கள் இருந்திருக்க வேண்டும் என்றார். ஒன்றைத் தலைவர் சுட்டார், இன்னொன்றைச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. கை தூக்கச் சொன்னார்கள், எல்லாரும் தூக்கினார்கள். முதல் பாரனைச் சுட்ட குற்றத்துக்காக, அவரே கொண்டுவந்த விதிப்படி எங்கல்பெர்ட் சங்கத்தை விட்டு வெளியே. இரண்டாவது பாரனுக்கு வெண்டலின் காவல், தலைவரும் அவரே. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து எல்லாரும் ரொட்டி உருண்டை கேட்டார்கள்.

எங்கல்பெர்ட் பச்சைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன், காதை மட்டும் திருப்பவில்லை.

"சொல்லிட்டேன்மா" என்றார்.

"யார்கிட்ட சொன்னீங்க? இவங்ககிட்டயா?" நோட்புர்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கப்பா. செவெரின்கிட்ட சொல்லுங்க."

கூடம் முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டு பேசிய மனுஷன் இப்போது வாசற்படியைத் தாண்டவில்லை. தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சாப்பாடு உண்டா?"

"சொன்னப்புறம்" என்றாள்.