ஜட்ஜம்மா பைக்குள் போன புத்தகம்

நூலகத்தில் புத்தகங்களைத் திரும்ப வாங்கும் அம்மாளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வாசகர்கள் வைத்த பெயர். காதில் விழாத மாதிரியே இருந்துகொண்டார், ஏனென்றால் அது அவருக்குப் பிடித்திருந்தது. நனைந்தது, கிழிந்தது, தொலைந்தது என்று எந்த வழக்கு வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் வரும். மழையில் நனைந்த தாளா, காபி சிந்திய தாளா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். நாய் கடித்த அட்டை என்று ஒருவர் கொண்டுவந்ததை, நாயல்ல, பல் முளைக்கிற குழந்தை என்று கண்டுபிடித்து அந்த அப்பாவை அசடு வழிய வைத்தவர். ஊர் வாயை அடைக்கத் தெரிந்த அவருக்கும் ஒரு கள்ளத்தனம் இருந்தது.

வாசலில் ஒரு பெட்டி உண்டு. நூலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் வாசகர்கள் புத்தகத்தை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் ஜட்ஜம்மா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கணினியில் வரவு வைக்க வேண்டும். வரவு வைத்த மறுநிமிடம் புத்தகம் காத்திருப்பவர் கைக்குப் போய்விடும். எல்லாரும் அடித்துக்கொள்கிற துப்பறியும் நாவல் ஒன்று ஒருநாள் பெட்டியில் கிடந்தது. வரிசையில் நிற்கப் பொறுமையில்லை. ஒரு ராத்திரி படித்துவிட்டு நாளைக்கு வரவு வைத்தால் குடியா முழுகிவிடும் என்று பைக்குள் தள்ளிவிட்டார். அன்று மாலையே காய்ச்சல் வந்து படுத்தவர், எழுந்து வேலைக்குப் போனபோது நாவலைச் சுத்தமாக மறந்திருந்தார்.

அதைப் பெட்டியில் போட்டவர் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர். தவணை முடிந்தும் புத்தகம் வரவில்லை என்று தகவல் போக, வேகமாக வந்து, பெட்டியில் போட்டுவிட்டேனே என்று சத்தம் போட்டார். ஜட்ஜம்மா அலமாரிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இல்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். "சார், எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. வீட்ல கட்டிலுக்கு அடியில பாருங்க. வயசானா மறக்கறது சகஜம்தான்" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் கட்டிலுக்கு அடியில் பார்க்க வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

புத்தகம் அகப்பட்டது ஜட்ஜம்மாவின் வீட்டில்தான், துவைக்காமல் குவிந்த போர்வைக்கு அடியில். எடுத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் பேசிய பேச்சு, அந்தச் சிரிப்பு, எல்லாம் திரும்பக் காதில் விழுந்தது. கணவர் என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றார்.

மறுநாள் யாரும் பார்க்காதபோது அதை அலமாரியில் செருகி, அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் எடுத்து, வரவு வைத்தார். புத்தகம் கிடைத்துவிட்டது என்று பெரியவருக்குத் தகவலும் சொல்லியாயிற்று. பாம்பும் சாகணும், கோலும் முறியக்கூடாது. அப்படித்தான் நினைத்தார் பாவம்.

பெரியவர் மகளோடு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மகள் அதைச் சரி செய்துகொண்டே, புத்தகம் எங்கே இருந்தது என்று கேட்டாள். அலமாரியில் என்றார் ஜட்ஜம்மா. மகள் பெருமூச்சு விட்டாள்.

"பாத்தீங்களாப்பா? நீங்களே உள்ள வந்து அலமாரியில வச்சிருக்கீங்க. பெட்டியில போட்டேன்னு சாதிக்கறீங்க. இதுக்குத்தான் கடைச் சாவியக் குடுங்கன்னு கேட்டேன். நாளைக்கு ஒருத்தரோட கடிகாரத்த ரிப்பேருக்கு வாங்கிட்டு, வாங்கவே இல்லன்னு நீங்க சொன்னா என்ன பண்றது?"

அந்தக் கணக்கை ஜட்ஜம்மா போடவே இல்லை. வரவு ஆகாத புத்தகம் அலமாரியில் இருந்தால், வாசகர் தானே வைத்துவிட்டு மறந்தார் என்றுதான் அர்த்தம். எத்தனையோ வழக்கில் அவரே சொன்ன தீர்ப்பு அது.

"ஆமாம்மா, நான்தான் வச்சிருப்பேன்," என்றார் பெரியவர் ஜட்ஜம்மாவிடம். "பெட்டியில விழுந்த சத்தம்கூடக் காதுல இருக்கு. ஆனா இப்பல்லாம் என்னை நானே நம்பறதில்ல. அன்னைக்கு உங்ககிட்ட வந்து கத்துனதுக்கு மன்னிச்சிருங்க."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். பின்னால் வழக்கம்போல வரிசை நின்றது. சும்மா இருந்தால் இந்த நிமிடமும் கடந்துவிடும் என்று ஜட்ஜம்மாவுக்குத் தெரியும்.

"வாங்காதீங்க," என்றார் மகளிடம். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அப்பா பெட்டியிலதான் போட்டார். நான்தான் வரவு வைக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அலமாரியில வச்சதும் நான்தான்."

கழுத்துவரை சூடு ஏற, ஜட்ஜம்மா மேஜையைப் பார்த்தபடி நின்றார். திட்டட்டும், புகார் கொடுக்கட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று காத்திருந்தார். பெரியவர் திட்டவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார். "கொஞ்சம் சத்தமா. என் பொண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

ஜட்ஜம்மா நிமிர்ந்து, மகளின் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொன்னார்.