புதுச் சாரன்

யானைகள் வயலையும் தம்பி அக்ரமையும் மிதித்து முடித்த பிறகு, யானையே இல்லாத நாடு என்றுதான் இறக்காமத்துப் பஸால் சவூதிப் பாலைவனத்துக்கு ஒட்டகம் மேய்க்கப் போனான். யானை துரத்தினால் உடுத்திருப்பதைக் கழற்றி வீச வேண்டும். அது துணியைக் கிழிக்கும் நேரத்தில் ஓடித் தப்பலாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இது அக்ரமுக்கும் தெரியும். ஆனால் போட்டிருந்தது பெருநாளுக்கு எடுத்த புதுச் சேட்டு; அதைக் கழற்றத்தான் பாவிக்கு மனம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள் காலை, மதம் பிடித்த ஆண் ஒட்டகமொன்று கூட்டாளி இத்ரீஸின் முழங்கையைக் கவ்வி, எலும்பு நொறுங்க உதறி எறிந்தது. விழுந்தவனை நெஞ்சால் நசுக்கிக் கொல்ல முழங்காலை மடக்கியது.

"அடேய் சனியனே, இஞ்ச பாருடா!"

பஸால் இடுப்புச் சாரனை உருவி அதன் மூஞ்சியில் எறிந்தான். ஒட்டகம் இத்ரீஸை விட்டுச் சாரனில் பாய்ந்தது. கடித்தது, கிழித்தது, மண்ணோடு அரைத்தது. அதற்குள் பஸால் அவனை வேலிக்கு வெளியே இழுத்துப்போட்டான்.

பின்னேரம் மனைவி ஹப்ஸா தொலைபேசியில் கேட்டாள்: "நான் வாங்கித் தந்த புதுச் சாரன உடுத்தீங்களா?"

நகக்கண்ணில் காய்ந்த இரத்தத்தைப் பார்த்தபடி பஸால் சொன்னான்: "ஓம் புள்ள, உடுத்தன். இனி வாங்கினா வடிவானதா வாங்காத. கழட்டி எறிய மனம் வரணும்."