மழைக்கு ஆமென் சொல்லாத அக்கா

அந்த யோசனை எனக்குத் தோன்றிய நொடி நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் சபைக் கட்டடத்துக்குப் பின்னால், வற்றிப்போன கிணற்றின் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து, இலங்கை மலையகத்துக் கல்லூரி மாணவர்களோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுடைய வாலிபர் ஐக்கியமும் எங்களுடையதும் மாதம் ஒருமுறை இப்படித் திரையில் சேர்ந்து பாடி ஜெபிப்பது வழக்கம். அன்று அவர்கள் பாடிய பாட்டு எங்களுக்குக் கேட்கவே இல்லை. அவர்களுடைய தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே பெரியகுளத்துக்கு மேற்கே மாமரங்கள் நின்றபடியே காய்ந்துகொண்டிருந்த வருடம் அது. "அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையிலே, கேட்டுக்கிருவோம்" என்றான் பக்கத்தில் இருந்தவன். எல்லோரும் சிரித்தோம். மழை இவ்வளவு பழகிய ஜனங்களை இங்கே வரவழைத்து, நமக்காக ஜெபிக்கச் சொன்னால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. எதையும் ஆறப்போடுகிற ஆள் இல்லை நான். ஐக்கியத்தின் செயலாளர் வேறு. அழைப்பு முடிவதற்குள் கேட்டே விட்டேன். அவர்களுடைய குழுத்தலைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், யோசித்துச் சொல்கிறோம் என்றார். பேச்சு முழுக்க அவர் எங்களைப் பார்த்ததைவிடத் தலைக்கு மேலே கூரையைப் பார்த்ததுதான் அதிகம். நடுவில் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மழையை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி தொடக்கத்தில் ஐந்து பேர் மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு அது முதல் ஊழியப் பயணம். கடல் தாண்டுவதும் அதுதான் முதல் தடவை. வேண்டிய அனுமதிகளை எல்லாம் போதகர் ஐயா முறைப்படி வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளிக்குப் போகும் முன் பாட்டும் கதையும், மாலையில் வீடு சந்திப்பு, ஞாயிற்றுக்கிழமை மழைக்கான உபவாச ஜெபம் என்று நானே எல்லாவற்றையும் வகுத்திருந்தேன். அந்த ஜெபத்தை அக்காதான் நடத்த வேண்டும் என்பதும் என் ஏற்பாடு. வேன் ஊருக்குள் நுழைந்ததும் மற்ற நால்வரும் வெயிலைப் பற்றியும் புளியமரங்களைப் பற்றியும் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அக்கா மட்டும் கையைப் புருவத்தின் மேல் வைத்து மலையைப் பார்த்தார். ஊருக்கு மேலே, மாந்தோப்புகள் முடிகிற இடத்தில், சரிவில் நான்கு வீடுகள் தெரியும்.

"அங்க ஆக்கள் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீடே அங்கனதான் அக்கா" என்றேன் பெருமையாக. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிறகு நான் வளர்ந்தது சித்தப்பா வீட்டில். அந்த நான்கில் புதிதாக, பச்சை வண்ணம் அடித்து நிற்பது அவருடையது.

அன்று மாலை வரவேற்பு ஆராதனை. எங்கள் சபையில் எந்த ஜெபமும் மழையில் வந்துதான் முடியும். கல்யாணமானாலும் சரி, பிறந்தநாள் ஆனாலும் சரி, கடைசியில் போதகர் ஐயா கையை உயர்த்தி, "மழையைத் தாரும் ஆண்டவரே" என்பார். ஓடு அதிரும்படி சபை ஆமென் சொல்லும். அன்றைக்கும் சொன்னது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து விருந்தாளிகளின் வாயும் திறக்கவில்லை. கண்ணை மூடியிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பது என் சித்திக்குக் கைவந்த கலை.

"ஏலே, அவுக ஊருல ஆமென் சொல்ல மாட்டாகளா?" என்று வாசலில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இல்ல, நம்ம மழைக்கு மட்டும் சொல்ல மாட்டாகளா?"

களைப்பாக இருக்கும் சித்தி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்த ஐந்து மூடிய வாய்கள் எனக்குள் ஒரு நெருடலாகத் தங்கிவிட்டன.

அடுத்த நாள் வீடு சந்திப்புக்கு முதலில் சித்தப்பா வீட்டுக்கே கூட்டிப்போனேன். சித்தப்பா தோப்புக் குத்தகைக்காரர். மரம் காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் வாய் மட்டும் குறையாது. போன வருடம்தான் சரிவைப் பொக்லைன் வைத்து வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டியிருந்தார். சமையலறை, கழிவறை, மேலே தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பின்கதவுக்குப் போனார். சாத்திப் பார்த்தார். நிலையில் இடித்துக்கொண்டு நின்றது.

"அது வெயிலுக்கு மரம் முறுக்கிக்கிருச்சு தாயி" என்றார் சித்தப்பா. "ஜெயமங்கலத்துல ஆசாரிட்டச் சொல்லியிருக்கேன். நாளைக்கு வந்து சீவி விட்டுருவாரு."

அக்கா கொல்லைக்கு இறங்கினார். வெட்டிய மண் சுவர் வீட்டின் முதுகுக்கு வெகு அருகில் நின்றது. அதன் மேல் ஏறினார். நானும் ஏறினேன். மேலே முருங்கைகள் எல்லாம் ஒரே பக்கமாக, வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அவற்றுக்கும் மேலே தரையில் ஒரு வெடிப்பு. அக்கா அதன் ஓரமாகவே நடந்தார். சித்தப்பா வீட்டுக்கு மேலே தொடங்கி, வளைந்து, நான்காவது வீட்டுக்கு அப்பால் முடிந்தது அது.

"என்னத்தப் பாக்குற? வெடிப்பா?" கீழேயிருந்து சித்தப்பா சிரித்தார். "எங்க கம்மாயில போய்ப் பாரு தாயி, காலு உள்ள போயிரும். மழ பேஞ்சா எல்லாம் மூடிக்கிரும்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிலம் வெடித்தால் அது வறட்சி. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதற்கு வேறு அர்த்தம் தெரியாது. அக்கா என்னை உட்காரச் சொல்லிக் காட்டினார். காய்ந்த வெடிப்பு வலை மாதிரி நாலாபுறமும் ஓடும். இது ஒரே கோடாக, வில் மாதிரி வளைந்து போகிறது. காய்ந்த வெடிப்பில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும். இதில் வீட்டுப் பக்கத்து மண் இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. "மழை பெஞ்சா மூடாது தம்பி. தண்ணி இதுக்குள்ளதான் இறங்கும்" என்றார்.

திரும்பி வரும் வழியில், நான் கேட்காமலேயே சொன்னார். அவர்கள் இருந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் கடைசி வீடு. "எங்க வீட்டுக் கதவும் கொஞ்ச நாளா சாத்த முடியாமப் போச்சு. அப்பா உளி வச்சுச் செதுக்கினாரு. செதுக்கினதும் நல்லா சாத்திச்சு. நாங்க எல்லாரும் சந்தோசப்பட்டோம்." அதன் பிறகு விடாமல் மழை. அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மண்சரிவு. அப்பா கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போயிருந்தார். அம்மாவும் தம்பியும் வீட்டில்.  குழுவில் வந்திருந்த மற்ற நால்வரும் அதே மலைகளில் வளர்ந்தவர்கள். மழையைத் தாரும் என்று கேட்கிற சபையை அவர்கள் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மேலே சித்தப்பா வீட்டிலிருந்து ஆசாரியின் இழைப்புளிச் சத்தம் கேட்டது. அக்கா பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் கைதட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அன்று மாலையே மலையின் தலையில் மேகம் உட்கார்ந்தது. ஊர் குதூகலித்தது. விருந்தாளிகள் வந்த நேரம் என்று பெண்கள் வழியில் நிறுத்தி அக்காவின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் சிரிக்க முயன்றார். மேகத்தைப் பார்த்து அத்தனை பேர் சந்தோஷப்படும்போது ஒரு முகம் மட்டும் வெளிறிக்கொண்டே போவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எனக்குமே வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாகிவிட்டது. சித்தப்பாவிடம் பேசிப் பார்த்தேன். "வீடு பிரதிஷ்ட பண்ணி வருசம் திரும்பல. அதுக்குள்ள எறங்குங்கிற. போலே, போய்ப் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்குடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சபை நிரம்பி வாசல்வரை ஆட்கள். போதகர் ஐயா அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கலாம். போதகரிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். "கேக்கிறவங்க முன்னாடி கேக்க மாட்டேன்னு நிக்கக் கூடாது" என்று மறுத்துவிட்டார். கண்ணை மூடி, மெல்லிய குரலில் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இவங்க கேக்கிற மழையக் குடுங்க. மரங்களப் பாருங்க, கெணறுகளப் பாருங்க." சபை ஆமென் என்றது. "அதுக்கு முன்னாடி, மேல நாலு வீட்டுல இருக்கிறவங்களுக்குக் கீழ எறங்கி வர்ற மனசக் குடுங்க. அந்த மலை நிக்காது ஆண்டவரே."

யாரும் ஆமென் சொல்லவில்லை.  நானும் சொல்லவில்லை. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "விருந்துக்கு வந்த பிள்ளையின்னு பாக்குறேன். குடியிருக்கிற வீட்டப் பாத்து இப்பிடி ஒரு வார்த்த சொல்லலாமா?" என்று போதகரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் சரிவில் குடியிருக்கிற மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் போனார்கள். அவர்கள் வீடு சேர்வதற்குள் முதல் தூறல் விழுந்தது. பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அக்கா சபைக்குள்ளேயே, சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு நடந்தது சித்தியின் வேலை. தூறல் வலுத்துக்கொண்டிருக்கும்போதே தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் ஆட்டையும் மறு கையில் அரிசிப் பானையையும் பிடித்தபடி சபைக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். "விருந்தாளிகளுக்கு இங்கன ஆக்கிப்போட ஆளில்லையாம். மழையில மேலயும் கீழயும் ஏறி எறங்க முடியுமா? இங்கனயே தங்கி ஆக்கப்போறோம்" என்று யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் அறிவித்தாள். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ள ஆசாரி வந்தாரான்னு எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டுச்சுலே. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு" என்றாள். ஆக்க ஆளில்லாத வீட்டில் ஆண்கள் எவ்வளவு நேரம் இருப்பார்கள்? இருட்டுவதற்கு முன்னால் சித்தப்பா முதல் ஆளாகக் குடையோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார். "ரசத்துல உப்பு பத்தல" என்பதைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மழை சில நாட்கள் பெய்தது. கண்மாய் நிரம்பியது. மலை சரியவில்லை.

ஆமாம், சரியவில்லை. வானம் வெளுத்ததும் எல்லோரும் மேலே திரும்பிப் போனார்கள். அக்காவின் குழுவும் மீதி நாட்களை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியது. விமான நிலையத்தில் அவர் என்னிடம், "விழலன்னு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா தம்பி? ஆனா இனிமே என் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அப்படியேதான் ஆனது. சித்தப்பா இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இலங்கையிலிருந்து வந்து மலையைத் தள்ளப் பார்த்த பிள்ளையின் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் இப்போது கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். போன மாதம் ஊருக்குப் போனபோது கொல்லையின் மேலே ஏறிப் பார்த்தேன். சித்தப்பா வெடிப்பு முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தார். பூசிய சிமெண்ட் நெடுக விரிந்திருந்தது. கீழ்ப்பக்கத்து மண் ஒரு முழம் இறங்கி, உட்கார வசதியான படி மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா காலையில் அதில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நெடுநேரம் கழித்து, "மழைக்கு முந்தி இறக்கிருங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "மேல எழுதுறேன் சார். ஆனா எறங்குறது அவுக பாடு" என்றார். சித்தி அந்தப் பின்கதவை இப்போது சாத்துவதே இல்லை. கேட்டால், காத்து வரட்டும் என்கிறாள்.

இந்த வருடம் மேகம் சீக்கிரமே வந்துவிட்டது. கம்பத்தில் திராட்சைக்காரர்கள் வானத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்குகிறார்கள். சனிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஊருக்குப் போகிறேன். மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. கம்பத்தில் வாடகை வீட்டில் எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, தூக்கம் வருவதில்லை, கார்த்திகை முடிகிறவரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் வந்து என்னோடு இருங்கள் என்று கேட்கப்போகிறேன். "வாத்தியாருக்குப் பேய்ப் பயமாம்" என்று சித்தப்பா ஊர் பூராவும் சொல்லுவார். சொல்லட்டும். அவர் இறங்கினால் மற்ற மூன்று வீடும் இறங்கும். எனக்குப் பயமாக இருக்கிறது சித்தப்பா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை.