ஒழுகாத கூரை

அப்பாவைக் கதீட்ரலுக்குள் வரவழைக்க மாமா ஒரு பொய் சொன்னார். தொண்ணூறுகளின் நடுவில், புனேயில் மழை ஓய்ந்த சமயம் அது. எனக்கு ஏழு வயது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அம்மா வீட்டார் பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்து இந்து. ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் என்ஜினியராக இந்த ஊருக்கு வந்தவர். இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மா பக்கத்திலிருந்து அன்று வந்த ஒரே ஆள் மாமாதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கதீட்ரல் வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே வரமாட்டார். மரநிழலில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சாமியோடு சண்டையெல்லாம் இல்லை. கூப்பிடாத வீட்டுக்குள் போவதில்லை என்பது அவர் கொள்கை. அம்மாவும் கூப்பிட்டதில்லை.

அம்மா எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். குருவானவர் கொடுக்கும் மெல்லிய வெள்ளை அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். எல்லாரும் நன்மை வாங்கப் பீடத்துக்கு வரிசையில் போகும்போது அவள் மட்டும் முழங்காலிலேயே இருப்பாள். ஏன் போகவில்லை என்று கேட்டால் கால் வலி என்பாள். அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். முழங்கால் போட்டிருப்பவளுக்கு என்ன கால் வலி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் மாலை மாமா வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, கதீட்ரல் கூரை ஒழுகுதாம். ஃபாதர் ரொம்ப பரேஷானா இருக்காரு. நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொன்னா தேவலை."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "எந்தப் பக்கம் மச்சான்?"

கூரை ஒழுகுகிறது என்று கேட்டபிறகு அப்பாவால் சும்மா இருக்க முடியாது. அந்தச் சனிக்கிழமையே டார்ச் லைட்டோடு கிளம்பினார். மாமாவும் கூட வந்தார், நானும் ஒட்டிக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் அவர் கண் கூரைக்குப் போய்விட்டது. அண்ணாந்தபடியே நடந்தார். இரண்டு பக்கமிருந்தும் விலா எலும்புகள்போல எழும்பும் வளைவுகள் உச்சியில் கூர்மையாகச் சந்திப்பதை, தன் இரு கை விரல்களையும் கோத்து எனக்குக் காட்டினார். கவிழ்த்துப் போட்ட பெரிய தோணிக்குள் நிற்பது மாதிரி இருந்தது. பிறகு குறுகலான படிகளில் ஏறி மேலே போனார். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தபோது கீழே ஃபாதர் நின்றிருந்தார். பம்பாய்ப் பக்கம் வசாய் ஊர்க்காரர், தமிழ் தெரியாது, அப்பாவோடு இந்தியில் பேசினார்.

பீடத்துக்கு மேலே தெரிவது பழைய கறை, இப்போது எங்கும் ஒழுகவில்லை என்று அப்பா பொறுப்பாகச் சொன்னார். ஒழுகுகிறது என்று யார் சொன்னது என்று ஃபாதர் கேட்டார். இருவரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா பீடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஃபாதர் சிரித்துவிட்டார். வந்ததற்குக் கட்டடத்தின் கதையையாவது கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். ஊரைவிட்டு வெகுதூரம் வந்து கிடந்த ஐரிஷ் சிப்பாய்கள் கும்பிடுவதற்காக எழுந்த கோயில் இது. பழைய கூரை ஒரு மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. அதற்குப்பின் கட்டியதுதான் தலைக்கு மேல் இருப்பது. அப்பா ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டார். நடுவில் மாமா மெல்ல, இவர் என் தங்கை வீட்டுக்காரர் என்றார். எந்தத் தங்கை என்று ஃபாதருக்கு உடனே புரிந்தது. கடைசி பெஞ்சை ஒருமுறை பார்த்தார். என்னை வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. கோயிலில் நடக்காத கல்யாணத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, அதனால்தான் அம்மா நன்மை வாங்குவதில்லை. அப்பா மதம் மாறவேண்டியதில்லை, பிஷப் அனுமதி தந்தால் கல்யாணத்தை இங்கே மந்திரித்து ஆசீர்வதிக்கலாம். ஃபாதர் சொன்னது அவ்வளவுதான் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்று ஜன்னலோரம் என் காதில் விழுந்தது அப்பாவின் குரல்தான்.

"கால் வலின்னுல்லா சொன்னா."

"உங்ககிட்ட சொன்னா, மதம் மாறச் சொல்றான்னு நெனச்சிருவீங்களோன்னு பயந்துட்டா மாப்பிள்ளை."

அப்பா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கூரை ஒழுகாததில்தான் அவருக்கு வருத்தம் என்று நினைத்து, பக்கத்தில் போய், "அடுத்த மழைக்கு ஒழுகும்ப்பா," என்று ஆறுதல் சொன்னேன். அவர் என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார்.

அனுமதி வந்தபின், ஒரு வேலைநாள் காலையில் சின்னப் பீடத்தின் முன்னால் அம்மாவும் அப்பாவும் கைபிடித்து நின்று ஃபாதர் சொல்வதைத் திருப்பிச் சொன்னார்கள். சாட்சிக்கு மாமாவும் மாமியும். கூரையைப் பார்த்துக் கொடுத்ததற்கு அப்பாவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா ஏன் பட்டுப்புடவை கட்டியிருக்கிறாள் என்பதுதான் புதிராக இருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா எங்களோடு உள்ளே வந்தார். நன்மை நேரம் வந்ததும் அம்மா எழுந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்த நீண்ட நடைபாதையில் வரிசையோடு போனாள். அப்பா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவள் முழங்கால் போட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் நிமிரவில்லை.

எந்தத் தின்பண்டம் கிடைத்தாலும் எனக்குப் பாதி பிட்டுத் தருகிறவள், அந்த வெள்ளை அப்பத்தை மட்டும் தனியாகவே தின்றுவிட்டாள். அன்று சாயங்காலம்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.