கஞ்சி வேட்டியில் நீலப் புள்ளிகள்

மானேஜரின் வேட்டியில் நீலப் புள்ளிகளைக் கண்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தினமும் கஞ்சி போட்டு மொடமொடவென்று உடுத்தி வருகிற மனிதர். மேலே கோட்டு மாட்டாமல் லேபுக்குள் வராதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். நல்லவேளை, அன்றும் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி என்ற ஊரில் ஒரு தீவனப் பரிசோதனைக் கூடத்தில் நான் கெமிஸ்ட். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, ஒரு பை கடலைப் புண்ணாக்குடன் வந்திருந்தார். அவர் வளர்த்த கோழிக்குஞ்சுகள் நாள் தவறாமல் செத்துக்கொண்டிருந்தன. "எனக்குக் கைராசி இல்லையாமுங்க. குஞ்சுகளத் தொடவே மாமியா உடமாட்டேங்கறாங்க. தப்பு தீவனத்துலயா, என்ற கையிலயானு பாத்துச் சொல்லிப்போடுங்க" என்றார்.

பூசணம் பிடித்த கடலையில் ஒரு நஞ்சு உண்டாகும். புண்ணாக்கின் சாற்றை எங்கள் கருவி மெல்லிய குழாய் வழியே தள்ளி, அதில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, புற ஊதா ஒளியில் மின்னுவதைக் காகிதத்தில் மேடாக வரைந்து காட்டும். இந்த நஞ்சோ அதில் மங்கலாகத்தான் மின்னியது. உண்டு என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. பிரிந்து வரும் வழியிலேயே அயோடின் கரைத்த தண்ணீரைச் சேர்த்துச் சூடான சுருள் குழாயில் ஓடவிட்டால், அயோடினோடு வினைபுரிந்து நஞ்சு பல மடங்கு பளிச்சிடும். அதற்கென்று இன்னொரு பம்பைப் பொருத்திக் காலையிலிருந்து போராடினோம். மேடு எழவே இல்லை. அயோடின் எங்கோ கசிகிறது என்று தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கசிந்த துளி கண்ணில் படுமுன் காய்ந்துவிடும். வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏனுங்க அம்மணி, இன்னுமா ஆகலைங்க?" என்று என்னைக் கேட்டபடி மானேஜர் கருவி இருந்த மேசையோரம் ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார். விலகியபோது வேட்டியில் நீலம். கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே! அவர் நின்ற இடத்துக்கு நேராக இருந்த இணைப்பில் ஊசிமுனை அளவு கசிவு. "புது வேட்டிங்க" என்று முனகியவர், விஷயம் புரிந்ததும் குஷியாகிவிட்டார். வேட்டி நுனியால் மற்ற இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வேறெங்கும் நீலம் பிடிக்கவில்லை. நான் அந்த ஒன்றை இறுக்கினேன்.

அடுத்த ஓட்டத்தில் பேனா காகிதத்தின் உச்சிவரை ஏறியது. மானேஜரே வெளியே ஓடி, "புண்ணாக்குலதானுங்க வெசம். உங்க கைமேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பிறகு அந்தக் காகிதம் தனக்கு வேண்டும் என்றார்.

இப்போதெல்லாம் முடிவுகளை செல்போனுக்கே அனுப்பிவிடுகிறோம். வரைபடத்தை யாரும் கேட்பதில்லை. அன்று அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டதால், ஆபீசுக்காக நாங்கள் இன்னொரு முறை ஓட்ட வேண்டியிருந்தது. அசல் காகிதத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா சொன்னார்: "மாமியாளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா, மேடு தெரியுமல்லோ! ஊட்டுக்குப் போனதும் மொதல்ல குஞ்சுகளத்தான் கையில எடுப்பேன்."